குழந்தைகள் கிராம சபை: கேட்பது யார், பதில் சொல்வது யார்?

கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில் குந்தாபுரா என்று ஒரு தாலுகா இருக்கிறது. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூனில் மழை பிடித்தால் லேசில் விடாது. வீடுகள் தெருத்தெருவாக இல்லாமல் தோப்புக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று எனச் சிதறிக் கிடக்கும், நடுவில் ஓடைகள். ஓடையைத் தாண்டப் பாக்கு மரத்தையோ தென்னை மரத்தையோ வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கு அதுவே பாலம். முதுகில் பையும் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் தம்பியுமாகப் போகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு, வழுக்கும் அந்த மரத்தைத் தாண்டுவது தினமும் ஒரு கண்டம். அந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் 'ஊரில் உங்களுக்கு என்ன கஷ்டம்?' என்று முறையாகக் கேட்க ஆரம்பித்தபோது திரும்பத் திரும்ப வந்த பதில்களில் இந்த மரப்பாலமும் ஒன்று.

ஊராட்சியில் திட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பாலத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. அவர்களும் அதன்மேல் நடந்தவர்கள்தான். ஆனால் கொட்டுகிற மழையில், பள்ளிக்கு மணி அடிக்கப் போகிற அவசரத்தில், நாளைக்கு இரண்டு தடவை அவர்கள் அதைத் தாண்டுவதில்லை. ஒரு சேவையை எந்த நேரத்தில் எந்த நிலையில் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அங்கன்வாடி, பள்ளிக் கழிப்பறை, பேருந்து, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் என எதை எடுத்தாலும் இதே கதைதான். குழந்தைகளையும் குடும்பங்களையும் கேட்டுத் திட்டம் போடுங்கள் என்று இத்தனை நாடுகளில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இந்தச் சாதாரண விஷயம். ஜனநாயகம், உரிமை எல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்காக உரிமை சின்ன விஷயம் ஆகிவிடாது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு இரண்டு காரியங்களைச் சொல்கிறது. தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பும் கொடுக்க வேண்டும். இந்தியா 1992 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. முதல் பாதியைச் செய்வது சுலபம்: ஒரு கூட்டம், ஒரு பேனர், ஒரு மைக் போதும். இரண்டாம் பாதியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கேட்கும் பழக்கம் ஓரளவுக்கு வந்துவிட்டது. கேட்டதற்கு இன்னார் இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இன்னும் வரவில்லை.

வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள்

முதலில் சட்டம் எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம். 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் கிராம சபைக்கு அடித்தளம். அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். அதாவது 18 வயது ஆகாதவர் உறுப்பினர் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளிலும் ஒரு பள்ளிப் பிள்ளை வந்து நின்று 'எங்க பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும்' என்று கேட்கலாம். யாரும் விரட்டப்போவதில்லை, கைதட்டக்கூடச் செய்வார்கள். ஆனால் அது மரியாதைக்குக் கேட்டுக்கொள்வது. தீர்மானம் கொண்டுவரும் இடத்தில் அந்தப் பிள்ளை இல்லை.

கர்நாடகம் இதற்கு ஒரு வழி கண்டது, அதுவும் அரசு அலுவலகத்தில் பிறந்த வழி இல்லை. பெங்களூரில் 'தி கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ட்ரன்' என்ற அமைப்பு 1980களிலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளோடு பழகி வந்தது. 1990-ல் அந்தப் பிள்ளைகளே 'பீமா சங்கம்' என்று ஒரு சங்கம் கட்டிக்கொண்டார்கள். ஓட்டலில் மேசை துடைப்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் சேர்ந்த சங்கம். குழந்தைத் தொழிலாளர் என்றால் மீட்டுப் பள்ளியில் சேர்ப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 'நாங்கள் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று கேளுங்கள், ஊரில் அதைச் சரிசெய்யுங்கள்' என்றார்கள் பிள்ளைகள். அந்தக் கோணம்தான் பேச்சை ஊராட்சிக்குக் கொண்டுபோனது. 1990களின் நடுவில் குந்தாபுரா பக்கத்துச் சில ஊராட்சிகளில் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த 'மக்கள பஞ்சாயத்து'கள் உருவாயின. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். 2004 வாக்கில் அந்தத் தாலுகாவின் 56 ஊராட்சிகளிலும் பிள்ளைகள் தங்கள் ஊருக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். 2006-ல் எல்லா கிராம ஊராட்சிகளும் ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளுக்கென்று சிறப்புக் கிராம சபை நடத்த வேண்டும் என்று மாநில அரசே உத்தரவு போட்டது.

இந்த 'மக்கள கிராம சபா'வின் அமைப்பில் கவனிக்க வேண்டியது மேடையில் யார் உட்காருகிறார்கள் என்பது. ஊராட்சித் தலைவர், செயலர் மட்டும் இருந்தால் பாதிக் கேள்விக்கு 'அது எங்க கையில இல்லை' என்ற பதில்தான் வரும். அதனால் கல்வி, சுகாதாரம், குழந்தை நலம், காவல் என்று சம்பந்தப்பட்ட துறைகளின் ஆட்களும் வர வேண்டும். பிள்ளைகள் கேட்பார்கள், அங்கேயே பதில் சொல்ல வேண்டும். சொன்னது என்ன ஆயிற்று என்பதைப் பிற்பாடு பிள்ளைகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, 'போன வருஷம் செய்கிறோம் என்றீர்களே' என்று கேட்டால் எந்தத் தலைவருக்கும் கொஞ்சம் வியர்க்கும். அந்த வியர்வைக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

எல்லா ஊராட்சியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நேருவின் பிறந்தநாளை ஒட்டி ஒரு கூட்டம், இரண்டு நடனம், சாக்லேட், படம் எடுத்து அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நடக்கிற ஊர்களும் உண்டு. ஆனாலும் ஒரு மாநிலம் இதை உத்தரவாகவே போட்டுவிட்டது. அதனால் எந்த ஊரிலாவது ஒரு நல்ல ஆசிரியரோ ஒரு துடிப்பான தலைவரோ வந்தால் அவர் முதலிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேரளத்தில் பெண்கள் குழுக்களின் குடும்பஸ்ரீ அமைப்பின் கீழ் நடக்கும் பாலசபைகள் இன்னொரு பாதை. அங்கே பிள்ளைகள் அக்கம்பக்க அளவில் சின்னச் சின்னக் குழுக்களாகத் தொடர்ந்து கூடுகிறார்கள். தமிழ்நாட்டில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தலைமையில், குழந்தைகளின் பிரதிநிதிகளாக ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் அதில் உண்டு. பதினைந்து பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அறையில் அந்த இரண்டு பேரும் என்ன பேசிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கேட்கத் தெரிய வேண்டும்

'உனக்கு என்னம்மா வேணும்?' என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் விளையாட்டுச் சாமான் என்று வரும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் ஒன்றும் வேண்டாம் சார் என்று வரும். இரண்டையும் வைத்துத் திட்டம் போட முடியாது. இதைப் பார்த்துத்தான் 'பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?' என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் கேட்ட விதம் சரியில்லை.

அனுபவப்பட்டவர்கள் நேராகக் கேட்க மாட்டார்கள், ஊரை வரையச் சொல்வார்கள். தரையில் சாக்பீஸாலோ பெரிய சார்ட் தாளிலோ தங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை வழியை வரைய வேண்டும். வரைந்த பிறகு, பயமான இடத்துக்கு ஒரு நிறம், பிடித்த இடத்துக்கு ஒரு நிறம், போகவே போகாத இடத்துக்கு ஒரு நிறம். பத்து நிமிஷத்தில் ஊரின் வேறொரு வரைபடம் கிடைத்துவிடும். டாஸ்மாக் கடைக்குப் போகும் சந்து, நாய்கள் படுத்திருக்கும் குப்பைமேடு, பேருந்து நிற்காமல் போகிற நிறுத்தம், மேல்சாதித் தெரு வழியாகப் போனால் கிடைக்கும் ஏச்சு எல்லாம் தாளில் வந்து உட்காரும். பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் தனித்தனியாக வரையவிட்டால் ஒரே ஊருக்கு இரண்டு படம் வரும். பெண் பிள்ளைகளின் படத்தில் பள்ளிக் கழிப்பறை 'போகாத இடம்' நிறத்தில் இருப்பது சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்று.

ஏன் என்று அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். கழிப்பறை இருக்கிறது, கணக்கில் ஏறிவிட்டது, சுவரில் திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதியாகிவிட்டது. ஆனால் உள்தாழ்ப்பாள் இல்லை. அதனால் ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளை பத்து நிமிஷம், பிள்ளைகள் நூற்றுக்கு மேல். மாதவிலக்கு நாளில் நாப்கினைப் போட மூடிபோட்ட கூடை கிடையாது. ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது அன்றைக்கு லீவு. இது எதுவும் பொறியாளரின் மதிப்பீட்டுப் பட்டியலில் வராது. தீர்வுக்கு ஆகும் செலவு ஒரு தாழ்ப்பாள், ஒரு கூடை, வாரம் இரண்டு நாள் கூடையைக் காலி செய்யும் ஆள். கேட்காததால் ஒரு கட்டடமே பாதி வீண்.

ரகசியமாகச் சொல்ல வேண்டிய விஷயங்களுக்குக் கூட்டம் உதவாது. அடிக்கிற ஆசிரியர், தொடுகிற உறவினர், குடித்துவிட்டு வரும் அப்பா, இதையெல்லாம் மைக்கைப் பிடித்துச் சொல்லச் சொல்வது கொடுமை. கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்று தபால் பெட்டி வைத்தார்கள். நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பெட்டியின் சாவி யாரிடம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே சாவி இருந்தால் பெட்டி காலியாகத்தான் கிடக்கும். அப்புறம் 'எங்கள் பள்ளியில் புகாரே இல்லை' என்று அறிக்கை போகும்.

யார் கையில் என்ன இருக்கிறது

பிள்ளைகளிடம் பட்டியல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் யாருடைய அதிகாரம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கட்டடத்துக்குக் கிராம ஊராட்சியைத் தாண்டி ஒன்றிய அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் நியமனம் கல்வித்துறை. பேருந்து நேரம் போக்குவரத்துக் கழகம். டாஸ்மாக் கடையை நகர்த்த மாவட்ட நிர்வாகம். அங்கன்வாடி சமூக நலத்துறையின் கீழ் வரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம். கிராம ஊராட்சி நேராகச் செய்யக்கூடியவை குடிநீர், தெருவிளக்கு, குப்பை, உள்சாலை, சிறு பராமரிப்பு.

பணத்துக்கும் இப்படிப் பிரிவு உண்டு. 2021 முதல் 2026 வரை 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம், மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊராட்சி தன் இஷ்டப்படி ஒதுக்க முடிந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, புரியுமா என்று தயங்க வேண்டியதில்லை. வீட்டில் ரேஷனுக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு என்று அம்மா பிரிப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைத் தண்ணீர் இணைப்பும் அப்படிக் கட்டிப்போட்ட பணத்துக்குப் பொருந்துகிற கோரிக்கைகள் என்று தெரிந்தால் பட்டியலின் வரிசையை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு கிராம ஊராட்சியும் ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். மத்திய ஊராட்சி அமைச்சகம் அதற்கு வகுத்த ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று குழந்தைகளுக்கு உகந்த ஊராட்சி. அதனால் பிள்ளைகளின் பட்டியலைச் செருக இடம் தாளிலேயே இருக்கிறது. அந்த இடத்தை அநேகமாகக் கணினி இயக்குபவர் நிரப்பிவிடுகிறார் என்பதுதான் சங்கடம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்

குடும்பங்களைக் கேட்கும் ஏற்பாட்டில் நம்மிடம் உள்ள பெரிய அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழு. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும் இந்தக் குழுவின் வேலை. மத்திய அரசின் மாதிரி விதிகளில், பெற்றோர் போக மீதிக் கால் பங்கிலும் ஒரு பகுதி உள்ளூர்க் கல்வியாளருக்கு அல்லது மாணவருக்கு என்று இருக்கிறது. கல்வியாளரா மாணவரா என்று வந்தால் யார் தேர்வாவார் என்று சொல்லவும் வேண்டுமா.

பல ஆண்டுகள் இந்தக் குழு தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் ஒரு பதிவேடாகத்தான் இருந்தது. தீர்மானத்தை எழுதிவிட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது வழக்கம். தமிழ்நாட்டில் 2022-ல் அதை உலுக்கிவிட்டார்கள். மார்ச்சில் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோர் கூட்டம் நடந்தது, 'நம் பள்ளி நம் பெருமை' என்று பிரசாரம் செய்தார்கள், அடுத்த மாதங்களில் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தீர்மானங்களைச் செல்பேசிச் செயலியில் ஏற்றும் முறையும் வந்தது. முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போகாத எத்தனையோ அம்மாக்கள் தலைவராக நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி வாக்கில். களையெடுப்பில் இருக்கும் அம்மாவுக்கு அது அரைநாள் கூலி. ஆசிரியர்களுக்கு வசதியான நேரம் என்பதைத் தவிர அந்த நேரத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெற்றோரை மதிக்கிறோம் என்று எத்தனை சுற்றறிக்கை போட்டாலும் கடிகாரம் வேறு சொல்கிறது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள்தான் பெரும்பாலும் அதிகம் சொல்ல வேண்டியவர்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் அறுவடை முடிந்து போனால் கோடை கழிந்து திரும்புகிறார்கள். அந்த ஆறு மாதத்துக் கூட்டங்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பெயர்கூட வராது. இருளர் குடியிருப்பிலிருந்து யாராவது குழுவில் இருப்பார்கள், இருந்தாலும் கடைசியில், கதவுப் பக்கம்.

அங்கன்வாடி நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மாக்கள் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள், அங்கன்வாடி திறக்கும்போது அவர்கள் வீட்டில் இல்லை. அப்போது யார் குழந்தையைக் கொண்டுபோய் விடுவது? பாட்டி இருந்தால் பாட்டி, இல்லாவிட்டால் நாலாம் வகுப்பு அக்கா. அந்த அக்கா பள்ளிக்குத் தாமதமாக வருவாள், அல்லது வரமாட்டாள். பள்ளியில் அவளை 'ஒழுங்கில்லாதவள்' என்று எழுதிக்கொள்வார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தை எழுதியவர்கள், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் வைத்தார்கள். குழந்தை பராமரிப்பு ஒரு துறையில், பள்ளி ஒரு துறையில், வேலைத்தளம் ஒரு துறையில் இருக்க, மூன்றும் சந்திக்கிற இடம் அந்த நாலாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பு. அவளிடம் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆளில்லை.

சட்டமே பதில் சொல்லச் சொன்ன ஊர்

பதில் சொல்லும் கடமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்து 2014-ல் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் கொண்டுவந்தது. மாற்றுத்திறனோ கற்றலில் சிறப்புத் தேவையோ உள்ள பிள்ளைகளுக்கு, பிறந்ததிலிருந்து 25 வயதுவரை கிடைக்கக்கூடிய உதவிகளை உள்ளாட்சி மன்றம் ஒரே இடத்தில் பட்டியல் போட்டு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதும் திருத்தும்போதும் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சொன்ன கருத்துகளையும், அதற்கு மன்றம் என்ன செய்யப்போகிறது என்பதையும் வெளிப்படையாகப் போட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். கிட்டத்தட்ட ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்த அமைப்பு இருக்கிறது, அரசு அதற்குச் சிறு மானியமும் தருகிறது. 2016-லிருந்து கல்வி ஆய்வு அமைப்பும் சுகாதார ஆய்வு அமைப்பும் சேர்ந்து உள்ளாட்சிகளைச் சோதிக்கின்றன. குடும்பங்களைக் கேட்டார்களா என்பதும் அந்தச் சோதனையில் உண்டு. கிழக்கு லண்டனிலும் ஹாரோவிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான்.

இதனால் எல்லாம் நன்றாக நடக்கிறதா? இல்லை. ஒரு பிள்ளைக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து எழுதித் தரும் சட்டப்படியான திட்டம், அதற்கு முன்பிருந்த பழைய ஆவணத்தையும் சேர்த்து, 2015-ல் சுமார் 2,40,000 பேருக்கு இருந்தது. 2025 ஜனவரியில் அது 6,38,000-ஐத் தாண்டிவிட்டது. பணம் அந்த வேகத்தில் வரவில்லை. திட்டத்தை 20 வாரத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். 2024-ல் பாதிப் பேருக்குக்கூட நேரத்துக்குள் கிடைக்கவில்லை. பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள், அங்கே தீர்ப்பான வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பெற்றோருக்குச் சாதகமாகவே வருகிறது. வழக்குப் போடத் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த, நேரம் உள்ள பெற்றோருக்கு ஒரு சேவை, மற்றவர்களுக்கு வரிசை. தேசியத் தணிக்கை அலுவலகமே 2024 அக்டோபரில் இந்த முறை பிள்ளைகளுக்கு உரிய பலனைத் தரவில்லை என்று எழுதியது.

இங்கிலாந்தின் கதையைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, குடும்பங்களைக் கேட்டால் செலவுதான் கூடும்' என்று ஓர் அதிகாரி சொல்லலாம். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. என்ன தேவை என்று கேட்டார்கள், எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை மட்டும் குடும்பங்களோடு பேசவில்லை. தேவையின் பட்டியலை மேசைமேல் வைத்து, பணத்தின் பட்டியலை மேசைக்கடியில் வைத்தால் சண்டை நீதிமன்றத்தில்தான் முடியும். குந்தாபுராவில் பிள்ளைகள் ஊராட்சியின் திட்டத்திலேயே கைவைத்தார்கள், தங்கள் கோரிக்கையை ஊரின் மற்றக் கோரிக்கைகளோடு நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது.

நம் பக்கம் மாற்றுத்திறன் பிள்ளைகளின் நிலைமையை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள், சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், போய்வரப் பயணப்படியும் துணைக்கு வருபவருக்குப் படியும் உண்டு. தாளில் குறையில்லை. ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா இரண்டு பேருந்து மாற வேண்டும். தாழ்தளப் பேருந்து அந்த வழியில் ஓடாது. அவளுக்கு அன்றைய கூலி போகும். படி கைக்கு வருவது எப்போதோ. மூன்று வாரம் போவாள், நாலாவது வாரம் நின்றுவிடுவாள். பதிவேட்டில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று ஏறும். மையத்தின் நாளைச் சந்தை நாளுக்கு மாற்றினால் ஊரிலிருந்து நேர்வண்டி கிடைக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கூட்டமும் இல்லை, சொன்னால் நாளை மாற்றும் அதிகாரம் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இல்லை.

பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா லண்டி என்ற சட்டப் பேராசிரியை 2007-ல் 12-வது பிரிவை நான்கு தேவைகளாகப் பிரித்தார்: பேச ஓர் இடம், பேச உதவி, கேட்கும் செவி, சொன்னதற்கு ஒரு விளைவு. அயர்லாந்து அரசு தன் தேசியக் கொள்கையில் இதை எடுத்துக்கொண்டது. மூன்றாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேட்கும் செவி என்றால் முடிவெடுக்கக்கூடியவரின் செவி. நம் கூட்டங்களில் கேட்பவர் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர், அல்லது ஓர் ஆசிரியர். நல்லவர்கள், பொறுமையாகக் கேட்பார்கள், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவர்கள். பிள்ளை அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும். அவர் அறிக்கை எழுதுவார். அறிக்கை எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

முடியாது என்ற பதிலும் பதில்தான் என்பதை நம் அலுவலகங்கள் ஏற்க மறுக்கின்றன. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிவிட்டால் யாருக்கும் கெட்டபெயர் இல்லை. பிள்ளைகளிடம் அது செல்லாது. 'சுற்றுச்சுவர் இந்த வருஷம் முடியாது, காரணம் இது, அதற்குப் பதில் வாசலில் கேட் போடுகிறோம்' என்று சொன்னால் பிள்ளைகள் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். இரண்டு வருஷம் பதிலே வராவிட்டால், கூட்டத்துக்கு வகுப்புத் தலைவனும் நடனம் ஆடுகிறவர்களும் மட்டும் வருவார்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், பிள்ளைகளின் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று படிப்படியாகக் காட்ட 1992-ல் யுனிசெஃபுக்காக வரைந்த பங்கேற்பு ஏணியில் அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை: பிள்ளைகளைத் தூண்டிவிட்டுப் பேசவைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒரு இடம் கொடுப்பது. பொன்னாடை போர்த்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எந்தப் படியில் வைப்பது என்று அவரிடம் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்று இதை நாளைக்கே தொடங்க நினைத்தால் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, நாட்காட்டி போதும். அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன், காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் பள்ளியிலேயே பிள்ளைகளைக் கூட்டலாம். வரைபடம், பட்டியல், பிறகு எது யார் கையில் என்ற பிரிப்பு. பெற்றோர் கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு, ஊருக்குள் ஒன்றும் காலனியில் ஒன்றுமாக வைக்க வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆளே போய்க் கேட்டுவர வேண்டும். பட்டியலில் ஊராட்சியின் கையில் உள்ளவற்றை அக்டோபர் 2 அன்று தீர்மானமாக வைக்கலாம், மற்றவை அந்தந்தத் துறைக்கு மனுவாகப் போகட்டும், மனு எண்ணோடு. நவம்பர் 1 கிராம சபை முடிந்த மறுநாள் பள்ளிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும். அதில் மூன்று பத்தி: நீங்கள் கேட்டது, யாரிடம் இருக்கிறது, எப்போது தெரியும். மூன்றாவது பத்தியில் தேதி எழுத வேண்டும்.